களஞ்சியம் இல்லாத கோட்டை

நம்முடைய சரித்திர நாவல்களில் வரும் கோட்டைகளில் யாருக்கும் பசிப்பதில்லை. விருந்து உண்டு; அது வேறு விஷயம். பொற்கிண்ணத்தில் மது வரும், வெள்ளித் தட்டில் கனி வரும். ஆனால் கோட்டைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்ட பிறகு, உள்ளே அகப்பட்டுக்கொண்ட ஆயிரக்கணக்கான ஜனங்களுக்கு மறுநாள் உலையில் போட என்ன இருக்கிறது என்று எந்த மந்திரியும் கேட்பதில்லை. கதாநாயகன் சுரங்க வழியாக வருகிறான். ஒற்றன் வருகிறான். முக்காடிட்ட இளவரசி வருகிறாள். அந்தச் சுரங்க வழியாக ஒரு மூட்டை கேழ்வரகு வந்ததாக நான் படித்ததில்லை.

விலக்கு எதுவும் கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் விலக்கைக் காட்டி வழக்கத்தை மறைக்க முடியாது. வழக்கம் இதுதான்: மதிலுக்கு ஒரு பக்கம், அகழிக்கும் அதில் கிடக்கும் முதலைகளுக்கும் அரைப் பக்கம், கதாநாயகன் மதிலேறுவதற்கு ஓர் அத்தியாயம், நாயகியின் விழிகளுக்கு இரண்டு அத்தியாயம். களஞ்சியத்துக்கு ஒரு வரி கிடையாது. கிணற்றுக்கு மட்டும் இடம் உண்டு; யாராவது அதில் விழ வேண்டும் அல்லவா?

இந்தக் குறை எனக்குப் பழைய குறை. இப்போது அதைச் சபையில் எடுத்து வைப்பதற்குக் காரணம், நம் வீட்டுப் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் ஆடும் ஒரு விளையாட்டு. ‘ஸ்ட்ராங்ஹோல்ட்’ என்று பெயர். இங்கிலாந்துக் கம்பெனி ஒன்று உருவாக்கியது; 2001-ல் வெளிவந்தது. ஐரோப்பாவின் மத்திய காலத்துக் கோட்டை ஒன்றை ஆடுகிறவன் கையில் கொடுத்து, கட்டு, காப்பாற்று, ஆண்டுகொள் என்று விட்டுவிடுகிறார்கள். பெரியவர்கள் இதைக் கண்டு முகம் சுளிக்கிறார்கள். ‘எப்போது பார்த்தாலும் வெட்டு, குத்து, இதைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளைகள் கெட்டுப் போகிறார்கள்’ என்கிறார்கள். இப்படிச் சொல்கிறவர்களில் பாதிப்பேர் சரித்திர நாவல்களை பைண்டு செய்து அலமாரியில் அடுக்கி வைத்திருப்பவர்கள் என்பதுதான் வேடிக்கை.

பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார்ந்து அந்த விளையாட்டைப் பார்த்தவன் நான். அதில் வெட்டும் குத்தும் கடைசியில்தான் வருகின்றன. முதலில் களஞ்சியம் கட்ட வேண்டும். கோதுமை விதைக்க வேண்டும். கோதுமை விளைந்தால் போதாது. அரைக்க ஆலை வேண்டும். மாவைச் சுட அடுப்புக்காரன் வேண்டும். இத்தனைக்கும் மரம் வேண்டும், மரம் வெட்ட ஆள் வேண்டும், அந்த ஆளும் சாப்பிட வேண்டும். படியைப் பாதியாகக் குறைத்தால் ஜனங்களின் மனம் கோணுகிறது. வரியை ஏற்றினால் இன்னும் கோணுகிறது. நூற்றுக்கு ஐம்பதுக்குக் கீழே அந்த மனம் இறங்கிவிட்டால் குடியானவர்கள் ஒவ்வொருவராகக் கோட்டையை விட்டுப் போய்விடுகிறார்கள். ஆள் போன பிறகு வில்லாளியை எங்கே தேடுவது? வில்லாளியாகிறவனும் அந்தக் குடியானவர்களில் ஒருவன்தானே? இப்படி, பகைவனின் கொடி கண்ணில் படுவதற்கு முன்னாலேயே எத்தனையோ கோட்டைகள் விழுந்துவிடுகின்றன. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், ‘வரியைக் குறைக்காவிட்டால் தோற்றுவிடுவேன்’ என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். நம் சரித்திர நாவல் எதையாவது படித்துவிட்டு ஒரு பையன் இப்படிக் கவலைப்பட்டதுண்டா? கத்தியைச் சுழற்ற வேண்டும் என்று ஆசைப்பட்டிருப்பான். வரியைக் குறைக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிராது.

ஆகவே என் கட்சி இது: கோட்டை என்றால் என்ன என்ற விஷயத்தில் அந்த விளையாட்டு உண்மைக்கு அருகில் இருக்கிறது; நம் சரித்திர நாவல் தூரத்தில் இருக்கிறது.

அயல்நாட்டு விளையாட்டைப் பார்த்தா நாம் இதைக் கற்க வேண்டும்? வேண்டியதில்லை. இது நம் வீட்டுச் சொத்து, நாம்தான் தொலைத்துவிட்டோம். திருக்குறளின் அதிகார வரிசையைப் பாருங்கள். ‘நாடு’ என்று ஓர் அதிகாரம். அதற்கு அடுத்தது ‘அரண்’. அதற்கு அடுத்தது ‘பொருள் செயல்வகை’. இவ்வளவும் முடிந்த பிறகுதான் ‘படைமாட்சி’. வயலையும் மதிலையும் பணப்பெட்டியையும் தாண்டித்தான் வள்ளுவர் வாளிடம் வருகிறார். அரணுக்கு இலக்கணம் சொல்லும்போதும் பகைவனால் பிடிக்க முடியாமல் இருப்பதோடு அவர் நிறுத்தவில்லை. உள்ளே உணவு நிறைந்திருக்க வேண்டும், உள்ளே இருப்பவர்கள் நிலைத்திருக்க எளிதாக இருக்க வேண்டும் என்கிறார். ‘உள்ளே இருப்பவர்கள்’ என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் சண்டை முழுவதும் அவர்களுக்காகத்தான்.

பாரியின் பறம்பு மலையை மூவேந்தர்களும் முற்றுகையிட்ட கதை எல்லோருக்கும் தெரியும். அந்த மலையைப் பற்றிக் கபிலர் வேந்தர்களிடம் சொன்னது என்ன? மதிலின் உயரத்தையா சொன்னார்? உழவன் உழாமலே விளைகிற நான்கு பொருள்களைக் கணக்குச் சொன்னார்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். ‘இவை இருக்கும் வரை உங்களால் முடியாது’ என்பது அதன் பொருள். முற்றுகை நீண்டபோது கிளிகளைப் பழக்கி, வெளியே இருந்து நெற்கதிரைக் கொண்டுவரச் செய்தார்கள் என்று அகநானூறு சொல்கிறது. கிளிக் கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் முற்றுகை என்றதும் அந்தக் காலத்துப் புலவனுக்கு முதலில் நெல்தான் ஞாபகத்துக்கு வந்தது என்பதை நம்பித்தான் ஆக வேண்டும்.

இனித் தகடூருக்கு வருவோம். இன்றைய தர்மபுரிதான் அது. சேலத்திலிருந்து தொப்பூர்க் கணவாய் ஏறி வந்தால், தர்மபுரியைத் தொடுவதற்கு முன் அதியமான்கோட்டை என்ற ஊர் வருகிறது. நெடுஞ்சாலையில் போகிறவர்கள் கால பைரவரை ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகிறார்கள். அந்த ஊரின் பெயரில் இருக்கும் அதியமானைப் பற்றி நமக்குத் தெரிந்தது நெல்லிக்கனி ஒன்றுதான். கனி கொடுத்தான், ஔவை வாழ்த்தினாள், பாடப் புத்தகம் முடிந்தது. கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர்களுக்குத் தொண்டைமானிடம் அவள் தூது போனது தெரியும். அவனுடைய ஆயுதங்கள் நெய் பூசி, மயிற்பீலி சூட்டிப் பளபளக்கின்றன. எங்கள் அஞ்சியின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று அவள் குத்திக் காட்டியதை மேடையில் சொல்லாத பேச்சாளர் இல்லை. ஆனால் அதே பாட்டின் முடிவில் அவள் இன்னொன்றும் சொல்கிறாள்: அஞ்சி எப்படிப்பட்டவன் என்றால், இருக்கும்போது பிறருக்குச் சோறு கொடுப்பவன், இல்லாதபோது இருப்பதை எல்லோரோடும் சேர்ந்து உண்பவன். வேலைப் பிடித்துக்கொண்டோம், சோற்றை விட்டுவிட்டோம். முற்றுகையில் அகப்பட்ட ஜனங்களுக்கு எந்தத் தலைவன் வேண்டும் என்பதற்கு அந்த முடிவுக்கு மேல் ஒரு விளக்கம் தேவையா?

ஔவை இன்னொரு பாட்டில் அஞ்சியின் முன்னோரைப் புகழ்கிறாள். எதற்காக? கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டு வந்ததற்காக. தேசம் பிடித்த பாட்டனாரைப் பாடுவது உலக வழக்கம். பயிர் கொண்டு வந்த பாட்டனாரைப் பாடுவது எத்தனை தேசங்களில் உண்டு? இன்று பாலக்கோட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. அந்தப் பக்கம் கரும்பு வண்டி போவதைப் பார்க்கும்போது, ஔவை பாடியது பழங்கதை அல்ல என்று எனக்குத் தோன்றும்.

கடைசியில் தகடூர் விழுந்தது. பெருஞ்சேரல் இரும்பொறை அதை அழித்தான். ‘தகடூர் எறிந்த’ என்பது அவனுடைய பெயரோடு ஒட்டிக்கொண்ட பட்டம். பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் அரிசில் கிழார் அவனைப் பாடினார். அதற்கு அவன் ஒன்பது நூறாயிரம் காணம் கொடுத்தான். அரசு கட்டிலையும் கொடுத்தான். புலவர் கட்டிலை மறுத்து, அமைச்சுப் பதவியை ஏற்றார் என்று பதிகம் சொல்கிறது. இந்தப் போரைப் பற்றியே ‘தகடூர் யாத்திரை’ என்று ஒரு நூல் இருந்தது. உதிரியாகச் சில பாட்டுகள் மட்டும் புறத்திரட்டிலும் உரைகளிலுமாக மிஞ்சின, மற்றதெல்லாம் போய்விட்டது. ஆக, தகடூர் விழுந்த கணக்கில் நம் கையில் இருக்கும் தொகை, வென்றவன் புலவருக்குக் கொடுத்த பரிசுத் தொகை மட்டும்தான். விழுந்த அன்றைக்குக் களஞ்சியத்தில் எத்தனை கலம் மிச்சம் இருந்தது, மதிலுக்குள் இருந்த குழந்தைகள் அன்று என்ன சாப்பிட்டார்கள் என்பதெல்லாம் தொலைந்துபோன பக்கங்களோடு போயிற்று. நாவலாசிரியனுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வேண்டுமா? சரித்திரம் வாய் மூடிக்கொண்ட இடத்தில்தானே அவன் பேச வேண்டும்? ஆனால் அங்கே போனவர்கள் நிரப்பியதெல்லாம் நெல்லிக்கனியும் வாள் வீச்சும்தான்.

‘நாவல் என்ன, மளிகைக் கடைக் கணக்கா?’ என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல ரசிகர், அவர் கேட்டதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். புறநானூற்றில் கோவூர் கிழார் பாட்டு ஒன்று இருக்கிறது. நெடுங்கிள்ளி ஆவூர்க் கோட்டைக்குள் அடைந்து கிடக்கிறான், வெளியே நலங்கிள்ளி. புலவர் உள்ளே நிற்கும் அரசனைப் பார்த்துப் பேசுகிறார். யானைக்குக் கவளம் இல்லை. குழந்தை பாலில்லாமல் அழுகிறது. பெண்கள் பூவில்லாத தலையை முடிந்துகொள்கிறார்கள். வீட்டில் தண்ணீர் இல்லை என்ற கூக்குரல் கேட்கிறது. இவ்வளவையும் கேட்டுக்கொண்டு நீ இங்கே இருப்பது கொடுமை. அறம் பார்க்கிறவனானால் கதவைத் திறந்து கோட்டையைக் கொடு, வீரம் பார்க்கிறவனானால் கதவைத் திறந்து வெளியே போய்ச் சண்டை போடு என்கிறார். நண்பரைக் கேட்கிறேன்: இது மளிகைக் கணக்கா, காவியமா? பாலும் தண்ணீரும் தீர்ந்துபோன கணக்குத்தான் அந்தப் பாட்டின் உயிர். அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது இரண்டு பங்காளிகளின் சண்டை.

சங்க காலம் தூரம் என்பவர்களுக்குப் பக்கத்துக் காலத்திலிருந்தே சொல்கிறேன். செஞ்சிக் கோட்டையை மொகலாயர் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டது. இடையில் மராட்டியர் வெளியிலிருந்து வந்து வளைத்துக்கொண்டதும் முற்றுகையிட்டவர்களே பட்டினி கிடந்தார்கள். சேனாபதி சுல்பிகர் கான் 1693-ல் முற்றுகையைக் கலைத்துவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. செஞ்சிக்குப் போகிறவர்கள் இன்றும் அங்கே பிரம்மாண்டமான களஞ்சியத்தைப் பார்க்கலாம். ஆனால் ராஜா தேசிங்கின் குதிரையைப் பற்றித் தெரிந்தவர்களில் நூற்றில் ஒருவருக்காவது அந்தக் களஞ்சியத்தைத் தெரியுமா?

தர்மபுரிச் சீமையும் இதே பாடத்தை இன்னொரு முறை பார்த்தது. அப்போது அதற்குப் பாராமகால் என்று பெயர். பன்னிரண்டு கோட்டைகளின் நாடு என்று அர்த்தம் சொல்வார்கள். திப்பு சுல்தானை ஒடுக்க வந்த காரன்வாலிஸ் 1791 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசல் வரை போனார். போய், கோட்டையைத் தொடாமலே திரும்பினார். காரணம், தோல்வி அல்ல, தீனி. வண்டி மாடுகள் ஆயிரக்கணக்கில் செத்தன, தானியம் தீர்ந்தது, முற்றுகைக்குக் கொண்டு போன பெரிய பீரங்கிகளைத் தாமே உடைத்துப் போட்டுவிட்டுப் பின்வாங்கினார். பிறகு அவர் செய்த முதல் காரியம் கீழே பாராமகாலிலிருந்து தானியம் மேலே ஏறி வர வழியைத் திறந்தது. அதற்காகத்தான் 1791 ஜூலையில் ராயக்கோட்டை பிடிபட்டது. அதே வருஷத்தில் பென்னாகரம் கோட்டை ஏணி வைத்து ஏறியவர்களுக்கு விழுந்தது. கிருஷ்ணகிரி மேல்கோட்டையில் ஏறப் பார்த்த மாக்ஸ்வெல் என்ற தளபதி அடிபட்டுத் திரும்பினார். வீரத்தால் பிடிக்க முடியாத அந்தக் கிருஷ்ணகிரி, 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகாலோடு சேர்ந்து ஒரு கையெழுத்தில் கம்பெனிக்குப் போயிற்று. அந்த உடன்படிக்கையை வாங்கிக் கொடுத்ததில் பீரங்கிக்கு எவ்வளவு பங்கோ, அதில் பாதியாவது பொதிமாட்டில் தானியம் ஏற்றி வந்த லம்பாடி வியாபாரிகளுக்கும் உண்டு. அவர்களைப் பற்றி ஒரு நாவல் உண்டா?

பிடித்தவர்கள் அடுத்து என்ன செய்தார்கள்? கோட்டை மதிலைப் பூசிக்கொண்டிருக்கவில்லை. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் வயல் வயலாக நடந்து அளந்தார்கள். குடியானவனிடமே நேராகக் கிஸ்தி வாங்கும் ரயத்துவாரி முறை இந்தப் பாராமகாலில்தான் உருக்கொண்டது. கோட்டை என்பது மதிலில் இல்லை, வயலில் இருக்கிறது என்று கம்பெனிக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததை அவர்கள் யாருக்காகப் பயன்படுத்தினார்கள் என்பது வேறு கதை. 1876 முதல் 1878 வரை வந்த தாது வருஷப் பஞ்சத்தில், அன்று தர்மபுரியையும் உள்ளடக்கியிருந்த சேலம் ஜில்லாவில் ஜனங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். எந்தப் பகைவனும் முற்றுகையிடவில்லை. எந்தக் கோட்டைக் கதவும் சாத்தியிருக்கவில்லை. களஞ்சியத்தைக் கட்டி ஆள்வது மட்டும் போதாது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும் என்று இந்த மண் அன்று அறிந்தது.

இங்கேதான் அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டிடமும் எனக்குச் சண்டை இருக்கிறது. அது களஞ்சியத்தை எண்ணுகிறது, வரியை எண்ணுகிறது, ஜனங்களின் மனத்தைக்கூட எண்ணாக்கி ஓர் ஓரத்தில் எழுதிக் காட்டுகிறது. ஆனால் அதில் குடியானவனுக்குத் தனி முகம் கிடையாது. ஒருவன் அம்பு பட்டு விழுந்தால் இன்னொருவன் அதே முகத்தோடு, அதே சட்டையோடு வந்து நிற்கிறான். போனவனுக்காக ஒரு வீட்டிலும் அழுகுரல் இல்லை. இன்னொரு விபரீதமும் உண்டு. கோட்டைக்குள் பூந்தோட்டம் போட்டால் ஜனங்கள் மகிழ்கிறார்கள், ஆனால் வேலை குறைகிறது. தூக்குமரம் நட்டால் மனம் வாடுகிறது, ஆனால் வேலை அதிகமாக நடக்கிறது. பையன் இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்து, இரண்டு தூக்குமரம் நடுகிறான். அவனுக்கு அது பாவமாகத் தோன்றவில்லை. வரவு செலவாகத் தோன்றுகிறது. முகமில்லாதவர்களை ஆளப் பழகியவன், பெரியவனாகி ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தால் எதிரே நிற்பவனையும் எண்ணாகத்தான் பார்ப்பான். ஜனங்களை எண்ணாகப் பார்க்கும் மேஜைகள் ஏற்கெனவே நம் நாட்டில் போதுமான அளவு இருக்கின்றன.

நாவல் விட்டது சோற்றை; விளையாட்டு விட்டது மனிதனை. இரண்டையும் விடாத ஒன்று தர்மபுரியிலேயே இருக்கிறது. அதற்குப் பெயர் நடுகல்.

தர்மபுரி அகழ்வைப்பகத்திலும், அந்த மாவட்டத்துக் கொல்லை மேடுகளிலும் நிற்கும் அந்தக் கற்களைப் போய்ப் பாருங்கள். பல்லவர் காலத்துக் கற்கள் பல. கையில் வில்லோ வாளோ பிடித்து நிற்கும் ஒரு மனிதனின் உருவம். மேலே வட்டெழுத்தில் சில வரிகள். இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டில், இன்ன ஊர்த் தொறு கொள்ளப்பட்டபோது, அதை மீட்டுப் பட்டான் இன்னான் என்று இருக்கும். தொறு என்றால் மாட்டு மந்தை. மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்று பொருள் உண்டல்லவா? ஊரின் களஞ்சியம் நான்கு காலில் நின்ற காலம் அது. அதைக் காக்கச் செத்தவனுக்குத்தான் கல். பக்கத்துச் செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில், கள்ளரைக் கடித்து எஜமானுக்குத் துணை நின்ற கோவிவன் என்ற நாய்க்குக்கூட உருவமும் பெயரும் பொறித்திருக்கிறார்கள். அரசன் அந்தக் கற்களில் எங்கே இருக்கிறான் என்று கவனியுங்கள். முதல் வரியில், தேதி சொல்வதற்காக இருக்கிறான். அவ்வளவுதான். மாடு மேய்த்தவன் வீரன். மகேந்திரவர்மன் அந்த வருஷத்தின் பெயர். எழுதப் படிக்கத் தெரியாத ஊர்க்காரர்கள் ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன் செய்த காரியத்தை, எழுதுவதையே தொழிலாகக் கொண்ட நாம் தலைகீழாக்கிவிட்டோம். நம் கதைகளில் அரசன் வீரன். மாடு மேய்த்தவன் தேதிகூட இல்லை.

அதியமானே இந்த விஷயத்தில் நமக்குச் சாட்சி. விழுப்புரத்துக்கு மேற்கே, திருக்கோவலூருக்குப் பக்கத்தில் ஜம்பை என்ற ஊரின் குன்றில் 1981-ல் ஒரு கல்வெட்டு கண்டுபிடித்தார்கள். சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி என்று தமிழ்ப் பிராமி எழுத்தில் அவன் பெயர் அதில் இருக்கிறது. அசோகன் தன் சாசனத்தில் குறிப்பிட்ட சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாளைய கேள்விக்கு அது பதில் சொல்லிற்று என்று அறிஞர்கள் மகிழ்ந்தார்கள். எனக்கு மகிழ்ச்சி வேறொன்றில். அந்தக் கல்வெட்டில் அஞ்சி தான் வென்ற போர் எதையும் சொல்லிக்கொள்ளவில்லை. ஒரு பாளியை, தங்குவதற்கு ஓர் இடத்தைக் கொடுத்தான் என்று மட்டும் இருக்கிறது. கல்லில் மிஞ்சியது வேல் அல்ல. யாரோ சிலர் படுத்து உறங்க அவன் கொடுத்த இடம்.

சரித்திர நாவல் எழுதுகிறவர்களுக்கு நான் விதி வகுக்கவில்லை. காதல் இருக்கட்டும். சுரங்கமும் இருக்கட்டும். இளவரசியின் விழிகளில் ஓர் அத்தியாயம் குறைத்துக்கொண்டு, அதைக் களஞ்சியக் காவலனுக்குக் கொடுங்கள் என்கிறேன். கதவு சாத்திய நாற்பதாவது நாள் படியளக்கும் அவன் கை எப்படி நடுங்கும் என்று எழுதுங்கள். ஒரு ஆழாக்குக் குறைத்து அளந்ததை அவன் தன் மனைவியிடம் எப்படிச் சொல்வான், மறுநாள் அவள் எந்த முகத்தோடு பக்கத்து வீட்டுக்காரியைப் பார்ப்பாள் என்று எழுதுங்கள். அதற்குக் கத்திச் சண்டையைவிடப் பெரிய கற்பனை வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு. அடுத்த முறை கோட்டை வரும் கதை ஒன்றைக் கையில் எடுக்கும்போது, மூன்றாவது அத்தியாயத்துக்குள் யாராவது அடுப்பு மூட்டுகிறார்களா என்று பாருங்கள். மூட்டவில்லை என்றால் ஆசிரியருக்கு ஒரு கார்டு எழுதிப் போடுங்கள்: ‘தங்கள் கோட்டையில் ஜனங்கள் பட்டினி கிடக்கிறார்கள். தயவுசெய்து கவனிக்கவும்.’